லிஃப்ற் பஸ்ஸில் ஐந்து இடம்

பிறிஜெற் அன்ரி இருபத்திரண்டு படியும் ஏறி, மூச்சுக்கூட வாங்காமல் என் மேசைக்கு முன் வந்து நின்றுதான் வீல்செயார் கேட்டார். அது செவ்வாய்க்கிழமை. இன்று வெள்ளி. நான்கு மணிக்குள் பிரான்சுக்குப் பெயர்களை அனுப்பவேண்டும். பதினான்கு படிவங்களில் ஐந்து பேர் வீல்செயார் கட்டத்தில் சரி போட்டிருக்கிறார்கள். அங்கே லூர்து மாதா கோவிலுக்குப் போக எடுத்திருக்கும் லிஃப்ற் வைத்த பஸ்ஸிலும் ஐந்து வீல்செயாருக்குத்தான் இடம்; மற்றவர்களுக்குச் சாதாரண பஸ். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நடக்கச் சிரமப்படும் வயதானவர்களை வெளிநாட்டுத் திருத்தலங்களுக்குக் கூட்டிப்போவது எங்கள் முதலாளி ஹியூபேட் அங்கிளின் தொழில். ஆனால் ஒஃபிஸ் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு மேல்மாடியில். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொல்வார்கள் என்று பயந்தே விட்டேன். இங்கே படிவம் நிரப்பினால் போதும். படிவத்தில் இடமில்லாதவற்றை என் கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைப்பேன்.

“முழங்கால் வருத்தமோ அன்ரி?” என்று அன்றைக்கு ஹியூபேட் அங்கிள் கேட்டார்.

“எனக்கென்ன வருத்தம்? இங்கிலிஸ் தெரியாது தம்பி. டோஹாவிலை இறங்கி மற்றப் பிளேனை எங்கையெண்டு தேடுறது? கதிரையிலை இருந்தா ஆரும் தள்ளிக்கொண்டுபோய் விடுவாங்கள். லூர்திலையும் கதிரைக்காரருக்கு முன்வரிசையாமே.”

“போன வருசம் ஒராள் கதிரையாலை இறங்கி, தள்ளின பெடியனுக்கே பெட்டி தூக்கிக் குடுத்தவ” என்று சிரித்தார் ஹியூபேட் அங்கிள். சரியும் போடச் சொன்னார். மேபல் அன்ரியும் மற்ற மூவரும் அதே காரணத்தோடு, அதே படிகளால் ஏறி வந்தார்கள்.

ஏறி வராதவர் ஒஸ்வால்ட் அங்கிள் ஒருவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓட்டோவில் வந்து, பாமசி வாசலில் நின்று கூப்பிட்டு, படிவத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனார். வீல்செயார் கட்டத்தில் ‘இல்லை’ என்று பெரிதாக எழுதியிருந்தார். என் கொப்பியில் வேறு இருக்கிறது: ஞாயிறு பூசைக்கு, கோவிலில் இருக்கிற வாங்குகளை ஒவ்வொன்றாகப் பிடித்து நடக்கிறார். நன்மை அப்பம் வாங்க எழும்புவதில்லை, பங்குச் சுவாமியார் இறங்கிவந்து கொடுக்கிறார்.

போன வருசம் லிஃப்ற் இல்லாத பஸ். செபஸ்தியன் அங்கிளால் அதன் நான்கு படி ஏற முடியவில்லை. நான்கு நாளும் ஹொட்டல் அறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் எடுத்துவந்த படங்கள் எல்லாவற்றிலும் ஒரே யன்னல்.

மூன்று மணிக்கு ஹியூபேட் அங்கிள் விசா அலுவலகத்திலிருந்து அழைத்தார். “நாலுக்குப் பிறகு ஒண்டும் மாத்தேலாது பிள்ளை. அனுப்பிவிடு.” வைத்த கையோடு கீழேயிருந்து குரல் வந்தது. ஒஸ்வால்ட் அங்கிள், பாஸ்போட் படம் கொடுக்க வந்திருந்தார்.

இறங்கிப்போனேன். படத்தை வாங்கினேன். ஓட்டோக்காரர் எஞ்சினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் கேட்காமல் போய்விடும் என்ற நினைப்பில்தான் சொன்னேன்.

“அங்கிள், வீல்செயார் போடட்டோ?”

“ஆருக்கு?”

நான் அவருடைய கால்களைப் பார்த்தேன்.

“அந்த லிஸ்ற் என்ரை மகளுக்கும் போகும்தானே” என்றார். “கதிரை எண்டு கண்டாளெண்டா பயணத்தையே நிப்பாட்டிப்போடுவாள். ஏலாத மனிசன் வீட்டிலை கிடவுங்கோ எண்டுவாள்.”

“மற்ற பஸ்ஸிலை நாலு படி, அங்கிள். உயரமான படி.”

அவர் எங்கள் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார். “உதுதானே? நில், பார்.”

நான் மறிப்பதற்குள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். பின்னால் நான், விழுந்தால் என்ன செய்வேன் என்று தெரியாமலே கைகளை விரித்துக்கொண்டு. நான்காம் படி தாண்டியதும் திரும்பி, “எண்ணிறியோ?” என்றார். ஏழில் நின்றார். எட்டில் ஒரு செருப்பு கழன்று தட்டித் தட்டிக் கீழே போனது. ஒன்பதாவது படியில் மெல்லத் திரும்பி இருந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். பிறகு, “செபஸ்தியன் என்னட்டையும் அந்தப் படங்களைக் காட்டினவன்” என்றார். “என்ரை மனிசி ஐறீன் சாகேக்கை லூர்திலை ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னவ. ஹொட்டல் யன்னலிலை கொளுத்தேலாதுதானே.”

நான் ஓம் என்றேன்.

“பென்சிலாலை போடு பிள்ளை. மகளுக்கு அனுப்பேக்கை அழிச்சுப்போடு.”

ஓட்டோக்காரரிடம் சைகையால் நிற்கச் சொல்லிவிட்டு மேலே போய்ப் பென்சிலால் சரி போட்டேன். இப்போது ஆறு வீல்செயார், ஐந்து இடம். மணி மூன்று நாற்பது. ஐந்து பேரில் யாரை விட்டுத்தரச் சொல்லிக் கேட்பது? மேபல் அன்ரி அழுதுவிடுவார். பிறிஜெற் அன்ரி ஏசுவார், ஆனால் சொன்னதைக் கேட்பார். டோஹாவில் அவருடைய கையை நான் பிடித்துப்போக முடியாது, நான் போவதில்லை. மாறவேண்டிய பிளேனை ஒரு மட்டையில் இங்கிலிஸில் பெரிதாக எழுதிக் கழுத்தில் போட்டுவிடலாம். முன்வரிசைக்கு என்ன எழுதுவது?

பிறிஜெற் அன்ரியின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. ஒஃபிஸ் கதவு திறந்தே இருந்தது. ஒஸ்வால்ட் அங்கிள் எனக்கு முதுகைக் காட்டியபடி அதே படியில் இருந்தார். செருப்பை எடுத்துவர நான் மறந்துவிட்டேன்.

“ஹலோ, ஆர்?” என்றார் பிறிஜெற் அன்ரி.

படிக்கட்டில் ஒஸ்வால்ட் அங்கிளின் தலை கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியது.

“ஹலோ? ஆர் கதைக்கிறது?”

“நான்தான் அன்ரி. உங்கடை வீல்செயார் விசயமா ஒண்டு கேக்கோணும்” என்றேன், ஒஸ்வால்ட் அங்கிளுக்கும் கேட்கும் என்று தெரிந்தே. கீழே, முதற்படியில், செருப்பு கவிழ்ந்து கிடந்தது.