பெரணிக்கு வெயில் ஆகாது

1

நான் எழுத உட்கார்ந்தது ஒரு கொலைக் கதை. அக்கா வீட்டுப் பின்னறையில்தான் என் மேசை. சன்னலுக்கு வெளியே அவள் தோட்டம், அதைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். கதையில் கத்தி வெளியே வரும்போதெல்லாம் தோட்டத்திலிருந்து அக்காவின் குரலும் வரும். கொலையாளி பாவம், எத்தனை முறைதான் கத்தியைத் திரும்ப உள்ளே வைப்பான்? அவனை அனுப்பிவிட்டேன். இந்தக் கதை அப்படி வந்ததுதான்.

முதல் வரி: "நிழல் என்பது ஒளியின் மௌனம், அந்த மௌனத்தில்"

(வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.)

இன்னொரு முதல் வரி: "பக்கத்து வீட்டில் மாடி எழும்பிய வருடம் அக்காவின் ரோஜாக்கள் செத்துப்போயின." இது உண்மை. இப்படியே போகலாம்.

2

அக்கா முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் தலை அக்கா பொறுப்பு, அக்காவின் கண் அவர் பொறுப்பு என்று பல வருடம் சுமுகமாகப் போனது. மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள் என்று அவர் மாடி கட்டினார். சாரல் அடிக்காமலிருக்க எங்கள் பக்கம் நீட்டி ஒரு தகரக் கூரையும் போட்டார். தோட்டத்தில் வெயில் நின்றுபோனது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"என் வீட்டுல கட்டுறதுக்கு நான் யார்கிட்ட கேக்கணும்?" என்றார் அவர்.

அத்தோடு பேச்சு நின்றது. அக்காவிடம் வர ரோஷம் விடாமல், வேறு கடைக்குப் போக மனசும் வராமல் அவர் முடியை வளர்த்தார். கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி உடைந்தபோது அக்கா நூல் கட்டி மாட்டிக்கொண்டாள்.

(இவ்வளவு பொருத்தமாகவா அமையும் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அவரை வங்கி ஊழியராக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஆள் நாற்காலியை விட்டே எழவில்லை.)

3

கடைக்கு முடி வெட்ட வரும் நர்ஸ்தான் வழி சொன்னார். "நிழல்தானே? பெரணி வைங்க. பூக்காது, காய்க்காது. ஆனா அந்த இலையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். குளிருக்கும் அசராது." ஒரு பை நிறையத் தூர் கொண்டுவந்தும் கொடுத்தார்.

அக்கா மக்கிய இலையைக் கொட்டி, குருத்து மண்ணுக்குள் புதைந்துவிடாமல் நட்டாள். செடிகள் விரிந்தன. குளிர் வந்ததும் மொத்தமும் பழுப்பாகிச் சாய்ந்தன.

"இதுவும் போச்சுடா. நம்ம கை ராசி," என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கண்களில் (இந்த வரியை அடித்துவிட்டேன். அழவில்லை. கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.)

குளிர் விலகிய ஒரு காலையில், பழுப்புக் குப்பைக்குள்ளிருந்து பச்சைச் சுருள்கள் தலை நீட்டின. பூனைக்குட்டி வால் மாதிரி, மேலெல்லாம் ரோமம். அக்கா அன்று கடையைத் தாமதமாகத்தான் திறந்தாள்.

4

இலைகள் விரிந்து முதிர்ந்தபின் அவற்றின் அடியில் பழுப்புப் புள்ளிகள். பூச்சி என்று சத்தமாகவே முடிவு கட்டி, அக்கா சோப்புத் தண்ணீரும் பஞ்சுமாகத் துடைக்க உட்கார்ந்தாள். சுவருக்கு மேலே ஒரு சடைத் தலை எழுந்தது.

"நூல் கட்டின கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எதைப் பாத்துப் பூச்சிங்கிற? இரு, வரேன்."

பூதக்கண்ணாடியோடு வந்தார். இருவரும் ஒரே இலையில் குனிந்தார்கள்.

"பூச்சி இப்படி வரிசை தப்பாம நிக்குமா, தங்கச்சி? விதை மாதிரில்ல இருக்கு?"

"அட, ஆமாண்ணா! தூள் தூளா உதிருதே!"

பேசிவிட்டோம் என்று இருவருக்குமே அப்புறம்தான் உறைத்தது. அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரோஜா இருந்த இடம். மேலருந்து தினமும் கண்ணுல படுது, மனசு கேக்கல. அந்தக் கூரையை நாளைக்கே கழட்டிடறேன். உனக்குப் பழையபடி வெயில் வரட்டும்."

அக்கா வாயைத் திறந்தாள். "சரிண்ணா," என்று மட்டும் வந்தது.

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அக்காவும் மாட்டிக்கொண்டாள். வெயில் வந்தால் பெரணி கருகிவிடும். ஆனால் இத்தனை நாள் காத்திருந்த மன்னிப்பு அந்தக் கூரையாகத்தான் வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்றால் மனிதர் முகம் என்ன ஆகும்?

முடிவு ஒன்று: கூரை போகிறது, பெரணி கருகுகிறது, நட்பு பிழைக்கிறது. (சோகம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை: "என் செடியைக் கொன்னுதான் உன் கதை முடியணுமா?")

முடிவு இரண்டு: செடிகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறாள். (எங்கே? என் மேசைக்கடியிலா?)

நடந்தது இதுதான். மறுநாள் காலை ஏணி சாய்ந்தது. கூரையைக் கழற்ற வந்தவர் முதல் திருகாணியில் கை வைத்தார். கடை ஏப்ரனோடு அக்கா தோட்டத்துக்கு ஓடினாள்.

"நிறுத்துங்க!"

மாடியிலிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா ஆச்சு? வெயில் வேணாமா?"

அக்கா அண்ணாந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் கூரைக்காரர் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூரையும் பிழைத்தது, பெரணியும் பிழைத்தது, மனிதர் முகமும் வாடவில்லை.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். சன்னலில்தான் நின்றேன். எழுதினால் அறையைக் காலி செய் என்கிறாள், அக்கா சொன்னால் செய்வாள். அதனால் இடம் மட்டும் விட்டிருக்கிறேன்:

"........................................" என்றாள் அக்கா.

நிரப்பிவிட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் சத்தமாக. மாடியில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.