பின்னால் வருகிறவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒஸ்லோ நகரின் ட்வெய்ட்டாவில் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போன ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு, சோற்றுக்கு முன்னால் உலகப்படம்தான் பரிமாறப்பட்டது. மேசை முழுக்க அதை விரித்து வைத்தவன் மருமகன் ஆன்ட்ரியாஸ். அவனுடைய தாய் ஆஸ்திரேலியாவில் பிறந்தவள். தாயின் முன்னோர் அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள். அந்தப் பாதையைத் தேடித் தேடிச் சிவப்புப் பென்சிலால் கீறி வைத்திருந்தான். கோர்க் துறைமுகம், ஆப்பிரிக்காவின் அடிமுனை, மெல்பேர்ண். வேலையற்ற வேலை என்று மாமனாருக்கு எண்ணம். ஆனாலும் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மகள் ஹம்சத்வனி நீலப் பென்சிலை நீட்டினாள்.

"எங்கட பக்கத்தையும் கீறுங்கோ அப்பா. நீங்கள் எந்தப் பாதையாலை வந்தனீங்கள்?"

"பிளேனிலை வந்தனான்."

"அது தெரியும். எங்கையெங்கை இறங்கி வந்தனீங்கள்?"

"அதெல்லாம் மறந்துபோச்சு, பிள்ளை."

மறந்தால்தானே. அந்தக் காலத்தில் போருக்குத் தப்பிக் களவாக வந்தவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வந்த பாதையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் பொலிஸ்காரர் பாதையை அடைத்துவிடுவார்கள், பின்னால் வருகிறவர்கள் நடுவழியில் அகப்பட்டுப் போவார்கள். மற்றவர்கள் அதை எப்போதோ காற்றில் விட்டுவிட்டுக் கலியாண வீடுகளில் தங்கள் பயணக் கதையை நீட்டி முழக்கினார்கள். இவர் மட்டும் மூச்சுவிடவில்லை. இவருக்குப் பின்னால் வர ஆள் இருந்தது.

தம்பி யோகநேசன். மொஸ்கோ வரை இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள்; அங்கே ஒரு பாஸ்போர்ட்தான் முதலில் சரிவந்தது. மூத்தவர் முன்னால் போகட்டும், இளையவரை அடுத்த கிழமை அனுப்புகிறேன் என்றான் ஏஜென்ட். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் ஆலையில் மீன் வெட்டிய காலம் முழுக்க, இவர் அறையின் இரண்டாவது கட்டிலை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. தம்பி வந்து சேரவில்லை. தேடாத இடமில்லை. ஹம்சத்வனிக்குச் சித்தப்பா என்றால் சுவரில் மாட்டிய ஒரு படம், அவ்வளவுதான். இன்றைக்கும் கதவு மணி அடித்தால் இவர்தான் முதலில் எழுந்து போவார்.

பேச்சை மாற்ற, நடுக்கடலில் இருந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, அது என்ன என்று மருமகனிடம் நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

அது அயர்லாந்திலிருந்து கப்பலேறிய கொள்ளுப்பாட்டியின் தங்கை, என்றான் ஆன்ட்ரியாஸ். இருவரும் சேர்ந்து புறப்பட்டவர்கள். தங்கை வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். போய்ச் சேர்ந்தவளுக்கு மட்டும் கோடு கீறினால், மற்றவள் வீட்டை விட்டுப் புறப்படவே இல்லை என்று ஆகிவிடுமே என்றான்.

ஸ்ரீஸ்கந்தராசா அந்தச் சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நீலப் பென்சிலை எடுத்தார். யாழ்ப்பாணம், கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், ஒஸ்லோ. எங்கும் தடுமாறவில்லை. மறுபடி யாழ்ப்பாணத்துக்குப் போய், தன் கோட்டை ஒட்டி இன்னொரு கோடு கீறினார். அது மொஸ்கோவில் நின்றது.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை, அப்பா?"

"சொன்னால் தம்பிக்குப் பாதையை அடைச்சுப்போடுவாங்கள் எண்டு பயந்தனான்."

ஹம்சத்வனி தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆன்ட்ரியாஸ் சிவப்புப் பென்சிலை எடுத்து, அங்கே ஒரு புள்ளி வைக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

ஸ்ரீஸ்கந்தராசா உள்ளங்கையால் மொஸ்கோவை மூடினார்.

"வேண்டாம். மிச்சத்தை அவன் வந்து கீறுவான்."