வாளியில் வந்த பூக்கள்

முடி வெட்டுகிறவரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் எதுவும் நீளமாக இருக்க முடியாது. துடைப்பத்தின் நுனி, திரைச்சீலையில் தொங்கும் நூல், தொட்டியில் தெரியாத்தனமாகத் தலைகாட்டிய புல் என்று எல்லாவற்றுக்கும் கத்தரி உண்டு. பகல் முழுக்கக் கடையில் வெட்டியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் இவருக்குக் கை அரிக்கும். அப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் கொல்லைப்புறத்துப் பிளம்ஸ் கன்று மாட்டிக்கொண்டது.

கன்று வாங்கியதே கோபத்தில்தான். இவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், அவரும் இதே தொழில். இரண்டு பேரும் ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவர்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "நாளைக்கு வந்து ஷேவ் பண்ணி விடறேன்ப்பா" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மதியம் சவரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், மாமனார் போய்ச் சேர்ந்திருந்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார்கள். முகம் மழித்திருந்தது. காலையிலேயே அண்ணன் அந்த வேலையை முடித்துவிட்டார். இவர் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பினார்.

"எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் அவன் எடுத்துக்கிட்டான்" என்றார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரு கடை இரண்டு கடையானது.

பழைய வீடு அண்ணனுக்கு வந்தது. அங்கே மாமனார் வைத்த மஞ்சள் பிளம்ஸ் மரம் ஒன்று கிணற்றடி முழுக்க நிழல் விரித்து நிற்கிறது. அந்த வருடமும் எப்போதும்போல அண்ணன் மனைவி ஒரு கூடை பழம் கொடுத்தனுப்பினாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன், கூடப் பிறந்த அக்கா இருந்தாலும் அப்படி ஒட்டியிருக்க மாட்டாள். இவர் கூடையைத் தொடாமல் திருப்பி அனுப்பினார். அடுத்த நாளே நாற்றுப் பண்ணைக்குப் போய் ஒரு சிவப்புப் பிளம்ஸ் கன்றைத் தோளில் சாய்த்து எடுத்து வந்தார்.

"இனிமே நம்ம வீட்டுப் பழத்தைத்தான் சாப்பிடணும். எவன் தயவும் வேண்டாம்."

"சரி, அது காய்க்கிற வரைக்கும்?"

"காய்க்கிற வரைக்கும் சாப்பிட வேண்டாம்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே அந்தக் கன்றை நட்டோம். இவருக்கு வேண்டியது அண்ணன் பெயரைச் சொல்லாமல் சாப்பிடக்கூடிய ஒரு பழம். எனக்கு வேண்டியது அண்ணனும் தம்பியும் மறுபடி முகம் பார்த்துப் பேசுவது. கன்றிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மரம் நன்றாகத்தான் வளர்ந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இலை கொட்டியதும் இவர் ஸ்டூலைப் போட்டு ஏறிவிடுவார். தாடி ஒதுக்குகிற பொறுமையோடு கிளை கிளையாகப் பார்த்து, பிசிறு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளுவார். கடைசியில் மரம் நேர்காணலுக்குப் போகிற பையன் மாதிரி நறுவிசாக நிற்கும். வசந்தம் வரும். ஊரெல்லாம் பூக்கும். எங்கள் மரத்தில் இலை மட்டும் வரும்.

காலையில் காபியோடு கொல்லைப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பனி இன்னும் விலகியிருக்காது. துணிக்கொடியில் இவருடைய வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கும். கடைத் துண்டுகளை நான்தான் துவைப்பேன். அரைத் தூக்கத்தில் பார்க்கும்போது அந்த வெள்ளையெல்லாம் மரத்தில் பூத்திருப்பதுபோல் இருக்கும். ஒருநாள் நிஜமென்றே நம்பி எழுந்து பக்கத்தில் போய்விட்டேன். ஈரத்துண்டு கன்னத்தில் பட்டதும்தான் விழித்தேன். இவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

மூன்றாவது வசந்தத்தில் பூ வந்தது. ஆனால் மரம் முழுக்க இல்லை, ஒரே ஒரு கிளையில். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிப் போன கிளை அது, ஸ்டூல் போட இடமில்லாததால் இவர் கத்தரி எட்டாத கிளை. அந்தச் சந்துக்குள் உடம்பை நுழைத்துப் பார்த்தேன். கிளையின் மேல் விரல் கணு அளவுக்குக் குட்டை குட்டையாக, முண்டும் முடிச்சுமாக நிறையக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொத்துப் பூ. இவர் பிசிறு பிசிறு என்று வருடா வருடம் ஒதுக்கித் தள்ளியது எல்லாம் அந்தக் குட்டைக் குச்சிகளைத்தான்.

அன்று மாலை இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன்.

"பாத்தீங்களா? பூக்கிற இடத்தையெல்லாம் நீங்களே வெட்டி எறிஞ்சிருக்கீங்க."

இவர் சந்துக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். "பாக்க அசிங்கமா இருந்துச்சு, அதான்" என்றார். குரல் பாதியாகியிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மரம் வெட்டும் கத்தரியை அன்றைக்கே என் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அந்த ஒரு கிளைப் பூவும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. எதனால் என்று கேட்க நாற்றுப் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரம்மா மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பக்கத்துல வேற பிளம்ஸ் மரம் இருக்கா?"

"இல்லையே."

"அப்பறம் எப்படிக் காய்க்கும்? இந்த வகை தனியா நின்னா பூக்கும், காய்க்காது. வேற வகைப் பிளம்ஸ் பூவோட மகரந்தம் வந்து சேரணும். கன்னு வாங்கறப்ப சொன்னேனே. உங்க வீட்டுக்காரர் காதுல வாங்கினாத்தானே, யார் மேலயோ கோவமா இருந்தாரு."

யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் இன்னொரு பிளம்ஸ் மரம் இருக்கிற இடமும் தெரியும். ஆனால் அது நாலைந்து தெரு தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் தேனீ வருமா என்று கேட்டேன். "தேனீ வராட்டி நீங்க போங்க. பூத்த கிளையை வெட்டிட்டு வந்து தண்ணி வாளியில வெச்சு உங்க மரத்துல தொங்கவிடுங்க. மிச்சத்தைத் தேனீ பாத்துக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சொல்லும்போதே முகம் மாறியது.

"இன்னொரு கன்னு வாங்கி வெப்போம்."

"எங்க வெப்பீங்க, என் தலையிலயா? இருக்கற இடமே துணி காயப் போதலை. அது வளந்து பூக்க இன்னும் எத்தனை வருஷமோ."

"அப்ப காய்க்கவே வேண்டாம். பூவைப் பாத்துட்டு இருந்துடலாம்."

அதற்குமேல் பேசினால் சண்டைதான் மிஞ்சும். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலம் கத்தரி படாமல் கழிந்தது. மரம் தலை வாராத பிள்ளை மாதிரி பரட்டையாக நின்றது. இவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். குளிர் விட்டதும் ஒரு காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன், படி கண்ணுக்குத் தெரியவில்லை. மூடுபனியும் பூவும் ஒன்றாகக் கலந்து, எது மரம், எது காற்று என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. துண்டுகளும் அதற்குள் எங்கேயோ கரைந்திருந்தன. சத்தமே இல்லை. நான் செருப்புப் போட மறந்து நடந்தேன். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் இவரும் பனியனோடு வந்து நின்றிருந்தார். நாங்கள் கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பேசாமல் பக்கத்தில் நின்றதில்லை.

"எவ்ளோ பூ" என்றார். பிறகு, "அத்தனையும் வீணாப் போகும்ல" என்றார்.

அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இவர் கடைக்குக் கிளம்பியதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்கு நடந்தேன். வழி முழுக்க என்ன சொல்லிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். அக்கா கதவைத் திறந்ததும் ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. "வாளி எதுக்குடி?" என்றாள். "உங்க மரத்துப் பூ கொஞ்சம் வேணும்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே அழுதேன். அவளும் அழுதாள். எதற்கு என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் கிணற்றடியில் இருந்தார், அவர் கடைக்கு அன்று விடுமுறை. நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். மரத்தடிக்குப் போனார். அவர் திரும்பியபோது பிடரியைப் பார்த்தேன். முடி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி எலி கடித்த மாதிரி இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். பேச்சு நின்றதிலிருந்து இவருக்கு வீட்டில் நான் வெட்டுகிறேன், அங்கே அக்கா வெட்டுகிறாள் போல. ஊருக்கே அலங்காரம் செய்கிற இரண்டு பேர் தலையும் ஊரிலேயே கேவலமாக இருந்தது. அழுகையை மறந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணன் பாதி மலர்ந்த கிளைகளாகப் பார்த்துச் சாய்வாக வெட்டி, வாளியில் நிறுத்திக் கொடுத்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"தெரிஞ்சா தூக்கி எறிவான்."

"எறியட்டும். நான் மறுபடி வருவேன்."

தெருவில் போனவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாளிக்குள் ஒரு குட்டி மரம் என்னோடு நடந்து வந்தது. பூ அசைய அசைய எனக்கும் ஒரு போதை மாதிரி ஏறியது. வீட்டுக்கு வந்து மரத்தின் நடுக்கிளையில் துணிக்கொடிக் கயிற்றால் வாளியைக் கட்டித் தொங்கவிட்டேன். வெயில் ஏறியதும் தேனீக்கள் வந்தன. வாளிக்கும் மரத்துக்கும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. படியில் உட்கார்ந்து அந்த ரீங்காரத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது இவர் வாளிக்குக் கீழே நின்றிருந்தார்.  கையை உயர்த்தி ஒரு கிளையை வெளியே எடுத்தார். வெட்டுவாயை விரலால் தடவினார். அந்தச் சாய்வு யார் கைச் சாய்வு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிளையைத் திரும்ப வாளியில் வைத்தார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாளியில் ஊற்றினார்.  எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பூ உதிர்ந்தபோது ஒவ்வொரு கொத்திலும் பச்சை மணி மாதிரி பிஞ்சு நின்றது. கோடை முற்ற முற்ற அது சிவந்து, கறுத்து, மேலே சாம்பல் பூசியதுபோல் ஆனது. இவர் தினமும் தொட்டுப் பார்ப்பார், பறிக்க மாட்டார். ஒருநாள் கடையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டே சொன்னார்.

"அண்ணிகிட்ட சொல்லு. வந்து பாத்துட்டுப் போகட்டும்."

"அண்ணி மட்டுமா?"

"கூட யாராவது வந்தா நான் என்ன கதவைச் சாத்தவா போறேன்?"

அடுத்த விடுமுறையில் இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அண்ணன் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். இவர் ஸ்டூலைத் தோள் துண்டால் துடைத்து அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்தார். இவர் ஒரு பழத்தைப் பறித்து நீட்டினார். நான் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு எனக்காக மதியம் வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

அண்ணன் பழத்தைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்பா விடியக்காலையிலிருந்து உன்னைத்தான் கேட்டாரு. சின்னவன் வந்துட்டானா, பெட்டி கொண்டுவந்துட்டானான்னு. மதியம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம கடைக்குப் போன் அடிச்சுப் பாத்தேன், யாரும் எடுக்கலை. அவருக்குக் கண்ணும் சரியாத் தெரியலை. நான் சோப்பு தடவினதும், வந்துட்டியாடா சின்னவனேன்னாரு. நான் என்ன சொல்றது? ஆமாப்பான்னேன்."

இவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசி வரைக்கும் நீன்னு நெனச்சுத்தான் பேசினாரு. என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலை. அதை உன்கிட்ட வந்து சொல்ல எனக்கும் மனசு வரலைடா." பழத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "முடிஞ்சதும் தடவிப் பாத்தாரு. மோவாய்க்கு அடியில விட்டுட்டியே, எப்பவும் போலன்னு சொல்லிச் சிரிச்சாரு."

இவர் தன் மோவாயைத் தடவினார். "நான் அங்க எப்பவும் விட்டுடுவேன்."

"தெரியும். அதான் விட்டேன்."

இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அண்ணனின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் அந்த எலி கடித்த தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா என்னை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.