நூரியாவின் வலீ

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரான ஹராரில் நடந்த ஒரு நிக்காஹின் ஏட்டில் சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. எதைப் பார்த்துவிட்டுப் போட்டேன் என்ற கலக்கத்தில் பிறந்தது இந்தக் கதை.

'எங்கள் ஊரை உண்டாக்கிய இறைநேசர் அபாதிர் வலீ, நாற்பத்து நான்கு பேரோடு...'

(வேண்டாம். பெரியவரிலிருந்து தொடங்கினால் அந்த மணப்பெண் காணாமல் போய்விடுவாள்.)

2

நூரியாவைப் பிறந்த மூன்றாம் நாள் அபாதிர் தர்கா வாசலில் யாரோ விட்டுப்போனார்கள். தர்காவைக் கூட்டிப் பெருக்கும் மரியம் எடுத்து வளர்த்தாள். ஊருக்கே அபாதிர்தான் மூத்த வாப்பா. நூரியாவுக்கோ வேறு வாப்பாவே இல்லை.

பெண் பார்க்க வந்த ஜெய்தூனா, மாப்பிள்ளை மஹ்தியின் உம்மா, நேராகவே கேட்டாள்.

"யாரு மவ நீ?"

"அபாதிர் மவ."

"அதத்தான் ஊரே சொல்லுதே. உன்னப் பெத்தவன் பேரக் கேட்டேன்."

"எனக்கும் தெரியாது மாமி. நெனப்பு இருந்தா அவரே வந்து சொல்லட்டும்."

(முதல் பிரதியில் இங்கே அவளைச் சிரிக்கவைத்தேன். பொய். அவள் சிரிக்கவில்லை.)

3

நிக்காஹ் மதியம். வாப்பா இல்லாததால் காஜியே வலீயாக* இருக்க ஒப்புக்கொண்டு ஏட்டைத் திறந்தார். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒருவர் உள்ளே வந்து மஹ்தியின் கையைப் பிடித்தார்.

"நீங்க யாரு?" என்றார் காஜி.

"பொண்ணோட வாப்பா."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. காஜி ஏன் மேலே கேட்கவில்லை? நான் ஏன்...

வந்தவரே மகளைக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது ஆள் இல்லை. வாசலில் நின்ற யாரும் அவர் வெளியேறியதைப் பார்க்கவில்லை.

மஹ்தி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஈர மண்ணப் புடிச்ச மாதிரி இருந்துச்சு."

* பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளரும் வலீ, இறைநேசரும் வலீ. இந்த ஒரு சொல் என்னைப் படுத்தும் பாடு!

4

ஜெய்தூனா மருமகளின் கையை முத்தமிட்டாள். "வந்தது அபாதிரேதான்டி!"

நாலு நாள் கழித்து நூரியா என்னிடம் வந்தாள். "இத எழுதுறீங்களாமே, அண்ணே. வந்தது வலீன்னா எனக்கு வாப்பா இல்ல. வாப்பான்னா, இருவத்திரண்டு வருஷமா எங்க..."

"எத எழுதட்டும்?"

"நிக்காஹ் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வாசல்ல ஒரு சோடி செருப்பு கெடந்துச்சு. யாரோடதும் இல்ல. தெருவப் பாத்துத் திருப்பி வெக்கிறேன். விடிஞ்சா வீட்டப் பாத்து நிக்குது. நாலு நாளா."

5

முடிவு ஒன்று: செருப்பைத் தர்காவில் வைக்கிறாள். முடிவு இரண்டு: வீசி எறிகிறாள். (இரண்டும் என் ஆசை. அவளுடையது அல்ல.)

நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பு இல்லை. மஹ்தி கடையில் இருந்தான். நூரியா தனியாக இருந்தாள். மூன்று கிண்ணங்களில் காப்பி ஊற்றினாள்.

"உக்காருங்க அண்ணே. அங்க வேணாம், இந்தப் பக்கம்."

உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், எனக்கு வேண்டாமென்ற அந்தக் காலி இடத்தின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"இப்பச் சொல்லுங்க. ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

பதில் வந்தது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அடித்துவிட்டேன். அது எனக்குச் சொல்லப்பட்டதல்ல. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள், உங்களுக்குக் கேட்கும்.