அடக்கம் செய்த கட்டி

ஆபரேஷன் ஆயிற்று, ஆறு கீமோ ஆயிற்று. ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டுச் சினைப்பைப் புற்று மறுபடி தலைகாட்டிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்தா, மாதாவே! லூர்தம்மாளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

“இந்த வாட்டி குத்துமதிப்பா மருந்து குடுக்க வேணாங்க,” என்றார் டாக்டர் கோகிலவாணி. “ஒவ்வொருத்தர் கட்டியும் ஒவ்வொரு மாதிரி. உங்க கட்டியோட ஜீனைப் பார்த்தா எந்த மருந்து கேக்கும்னு தெரியும். மாத்திரையே போதும்னுகூட வரலாம். பெங்களூர்ல காட்டறோம்னு ஆபரேஷன்ல எடுத்து மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் துண்டை வாங்கிட்டுப் போனீங்களே, அதைக் கொண்டாங்க. புதுசா எடுக்க உங்க உடம்பு தாங்காது.”

மாத்திரை! அந்த ஒரு சொல்தான் அவள் காதில் நின்றது. பக்கத்தில் புருஷன் சவுரியப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதில்லை. எதையோ சொதப்பிவிட்டு நிற்கிறான்.

தர்மபுரியில் பஸ் ஏறியதிலிருந்து கட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பென்னாகரம் தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

“கல்லறையில இருக்குது.”

“என்னாது?”

“பெங்களூருக்குத்தான் போகலியே. உன் ஒடம்புல இருந்து வந்தது, குப்பையிலயா போடறது? பங்குச் சாமியாரு ஜெபம் பண்ணி மந்திரிச்ச மண்ணுல அடக்கம் பண்ணிட்டேன்.”

மனுஷன் செய்த காரியத்தைப் பாருங்கள்! அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலு சாத்து சாத்தியிருப்பாள். கைதான் எழும்பவில்லை.

“உசுரோட இருக்கறவள அடக்கம் பண்ணினியா, மனுசா!” என்றாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஏரியூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவன் தடுமாறாமல் தன் அம்மா கல்லறையின் காலடிக்குப் போய் நின்றான். அங்கே மெழுகுவத்தி உருகி வழிந்து கிடந்தது.

“இது யாரு ஏத்தறது?”

“நாந்தான். வெள்ளிக்கிழமை தவறாம. நோவு இதோட போயிரட்டும்னு...” அவன் குனிந்து உருகிய மெழுகைச் சுரண்டினான். “அடக்கம் பண்ணினதத் தோண்டுனா பாவமில்லியா, லூர்து?”

“அந்தப் பாவம் எனக்கு வரட்டும். தோண்டுங்க.”

தோட்டத்து மூலையில் கிடந்த களைக்கொத்தால் முழ ஆழம் தோண்டினான். பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் அவன் கைக்குட்டை, அதற்குள் மெழுகுக் கட்டி. ஒட்டியிருந்த நம்பர்கூட அழியவில்லை. பரிசோதனைக்குத் தாங்குமோ தாங்காதோ, அது டாக்டருக்குத்தான் வெளிச்சம்.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“இங்க வர்றப்ப நான் மொத்தமா வர்றேங்க,” என்றாள். “இப்பவே பிச்சிப் பிச்சி அனுப்பாதீங்க.”

சவுரியப்பன் குழியை மூடாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி வீடு வரைக்கும் நடக்க வேண்டும்.