கருப்பராயன் ஒத்துக்கொண்ட குத்தம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு புண்ணாகிப் போகட்டும். பல்லடத்துக்குக் கிழக்கே நடந்தது, அத்தனையும் நிஜம்.

போன ஆனிக் காற்றில் தம்பிதுரையின் கோழிப்பண்ணைக் கூரை சரிந்து நாலாயிரம் குஞ்சு போயிற்று. தீவனம் போடப் போயிருந்த அவர் மனைவி வள்ளியாத்தாளுக்கு வலது கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. சோறுதான் இறங்கவில்லை.

"பண்ணை கட்டறப்போ கருப்பராயனுக்குக் கிடாய் வெட்டறேன்னு நேந்துக்கிட்டு மறந்துபோட்டனுங்க. நான் செஞ்ச குத்தத்துக்கு வாயில்லாச் சீவனுக போச்சு" என்று சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

போன ஜென்மத்துப் பாவம் என்றார் ஜோசியர். தண்ணீர் லாரி ஓட்டும் இல்யாஸ், "சோதனைங்கண்ணா, பொறுத்துக்கோங்க" என்றார். தம்பிதுரை பொறுத்துக்கொள்வார். வள்ளியாத்தாள் அல்லவா நாளுக்கு நாள் பாதியாகிறாள். சாமியிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்தப் பக்கம் சாமியிடம் கேட்பதென்றால் கிடாய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பை உதறித் துலுக்கினால் ஆமாம். சும்மா நின்றால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வள்ளியாத்தாளை நாற்காலியோடு தூக்கிவந்து கருப்பராயன் கோயில் முன்னால் இறக்கினார்கள். தம்பிதுரை வாங்கி வந்திருந்த கிடாயின் பிடரியை இடது கையால் பிரியமாக அணைத்துக்கொண்டார்.

"சாமி, குத்தம் இவளுதுன்னா துலுக்கிக் காட்டு."

ஒரு சொம்பு ஊற்றினார்கள். அசையவில்லை. ஒரு குடம் ஊற்றினார்கள். ம்ஹூம்.

"கிடாய் வாங்குனீங்களா, சிலை வாங்குனீங்களாண்ணா?" என்றார் இல்யாஸ்.

"அதுக்குக் காய்ச்சலா இருக்குமுங்க" என்றாள் வள்ளியாத்தாள், நம்பாமல்.

இல்யாஸ் லாரிக் குழாயைத் திறந்துவிட்டார். பன்னிரண்டாயிரம் லிட்டர். கோயில் வாசலில் தவளை கத்தியது. வேப்பமரம் இரண்டு முழம் வளர்ந்தது. பல்லடம் பஸ் பக்கத்துத் தோட்டம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. கிடாய் மட்டும் நின்ற இடத்தில் அசைபோட்டது.

"இவளுது இல்லையா? அப்போ உன்னோடதா, சாமி?" என்று தம்பிதுரை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

கிடாய் துலுக்கியது. அந்தத் துலுக்கலில் கோயில் மணி தானாக அடித்தது. சிங்காநல்லூர்க் குளத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறியது.

வள்ளியாத்தாள் கருப்பராயனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒத்துக்கிட்டாரே" என்றாள் மெல்ல. "பாவம், ஊரையெல்லாம் காக்கறவரு, ஒரு கூரையைக் கவனிக்காம உட்டுப்போட்டாராட்ட இருக்குது. போவுதுங்க. என்னையக் காலோட உட்டாரே, அதுக்கே கும்புடோணும். இந்தக் கிடாயை வெட்ட வேண்டாமுங்க, ஊட்டுல நிக்கட்டும்."

அப்புறம், "ஏனுங்க, பசிக்குது" என்றாள்.

பொங்கல் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தம்பிதுரை சாமி முன்னால் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அவர் எதற்கு நன்றி சொன்னார் என்பது கருப்பராயனுக்குத் தெரியும்.

எந்தக் கிடாயும் தலையிலிருந்துதான் துலுக்கத் தொடங்கும், பிடரியை இறுக்கிப் பிடித்திருந்தால் துலுக்காது.