ஜெரோமின் அணுக்கள்

திரை முழுக்க நீல வட்டங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சையாய் ஓர் இழை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை, இன்றும் இல்லை, டெல்பின் நுண்ணோக்கியின் குமிழைத் திருகித் திருகிப் பார்க்கிறாள், தம்பி ஜெரோமின் ரத்தத்திலிருந்து அவளே ஆக்கியெடுத்த ஸ்டெம் செல்கள், எதுவாகவும் மாறக்கூடியவை, கண்ணின் உயிரணுவாக மாறு என்றால் மட்டும் பாதியில் நின்றுவிடுகின்றன, என்னவாக ஆகவேண்டும் என்ற சேதியை வெளியிலிருந்து வாங்கித் தருவது சிலியா என்கிற அந்த ஒற்றை இழைதான், அதை முளைக்கவிடாத மரபணுப் பிழை ஜெரோமுக்கு, பிறக்கும்போது ஆறாவது விரலாக வந்த பிழை, விரலை வெட்டியெடுத்ததும் எல்லாம் முடிந்தது என்றே வீட்டில் நினைத்தார்கள்.

முடியவில்லை, வளர்ந்தபின் ஒரு நாள் ஊரில், தூத்தூர் மைதானத்தில் அவன் கோல்கீப்பராக நிற்கிறான், கடற்காற்று சட்டையை உப்ப வைக்கிறது, பக்கவாட்டில் வந்த பந்து தோளை உரசிக்கொண்டு வலைக்குள் போகிறது, கை அசையவே இல்லை, ஏம்ல பாக்கல்ல என்று கத்துகிறார்கள், பந்து வரல்லியே என்கிறான், அவனுக்கு வரத்தான் இல்லை, பக்கங்களெல்லாம் இருண்டு நடுவில் ஒரு குழாய் அளவுதான் அவனுக்கு உலகம் மிஞ்சியிருந்தது, பிறகு அந்தக் குழாயும் ஒடுங்கியது, டெல்பின் பெங்களூர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், செல் வளர்க்கும் தட்டுகளில் பூஞ்சை பிடித்தது, செல்கள் கூட்டங்கூட்டமாய்ச் செத்தன, பிழைத்தவை இழை முளைக்காமல் மொட்டையாய் நின்றன, செல் செத்தா வேற வளத்துக்கலாம், இதுக்கெல்லாமா முகத்தத் தூக்கி வச்சுக்கறது என்றார் பேராசிரியர் ரகுநந்தன், ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மை போன் போடுவாள், மோளே, தம்பிக்கு எப்பம் கண்ணு தெளியும், சீக்கிரம் அம்மா, என்ன சீக்கிரம், எந்தச் சீக்கிரம், போனை வைத்துவிட்டுக் கையுறையைக் கிழித்துக் குப்பையில் எறிவாள், மறுபடி புதியதை மாட்டிக்கொள்வாள்.

மரபணுவில் அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தி, மறுபடி வளர்த்து, சாயமேற்றி, நம்பிக்கையே இல்லாமல் தட்டை வைத்துப் பார்த்த காலையில் பச்சை இழைகள் நிற்கின்றன, அணுவுக்கு ஒன்றாக, பயிர் முளைத்த மாதிரி, சில வாரங்களில் அவை கண்ணின் அணுக்களாகவும் மாறத் தொடங்குகின்றன, எல்லோரும் கைதட்டுகிறார்கள், ரகுநந்தன் மட்டும், இது ஒரு தடவை தற்செயலா நடந்திருக்கலாம்மா, புது ரத்தத்துல மறுபடி செஞ்சு காட்டினாத்தான் யாரும் நம்புவாங்க என்கிறார், சரிதான், அவர் சொல்வது சரிதான், அதனாலேயே அவளுக்கு எரிகிறது.

ஜெரோமை அழைத்தாள், முளைத்ததைச் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், பின்னால் மைதானத்தின் விசில் சத்தம், அப்பம் எனக்குப் பாக்க முடியுமா அக்கா, அவள் வாயில் சீக்கிரம் என்ற சொல் வந்து நின்றது, விழுங்கினாள், ஒனக்கு இல்லடா, செத்துப்போன அணுவத் திரும்பக் கொண்டுவர எங்களுக்கு இன்னும் தெரியாது, இனி பொறக்கிற பிள்ளைகளுக்கு ஒருவேள ஆகும், விசில் நின்றுபோயிற்று, யாரோ கோல் போட்டுவிட்டார்கள் போல, கூச்சல், அது அடங்கியதும் அவன் கேட்டான், இன்னும் ரெத்தம் வேணுமாக்கும், இல்லாட்டி இந்த நேரத்துல நீ கூப்பிட மாட்டியே, ஆமாடா என்றாள், வந்து எடுத்துக்கோ, எத்தன குப்பி வேணும்னாலும் எடுத்துக்கோ, ஆனா எனக்குத் தெளியும்னு மட்டும் இனி அம்மைக்கிட்ட சொல்லாத.